கரண்ட் போனால் சோலாரும் நிற்கும்: ஒரு பழைய லைன்மேனின் ஓராண்டுக் கணக்கு

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் ஓட ஆரம்பித்தது 2024 ஆகஸ்ட் 12, காலை பத்தே முக்கால் மணிக்கு. ஒரு வருஷம் முடிந்ததும் ரீடிங் எடுத்துப் பார்த்தேன். 4,460 யூனிட். போட்டதில் திருப்திதான். ஆனால் தெருவில் என்னிடம் வந்து விசாரிக்கிற பத்துப் பேரில் எட்டுப் பேர், இந்த சோலார் தட்டு (பேனல்) எதைச் செய்யாதோ அதை எதிர்பார்த்துத்தான் வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. மின்வாரியத்தில் 1988ல் ஒப்பந்தக் கூலியாகக் கம்பம் நடப் போனவன். ஹெல்பர், வயர்மேன் என்று படிப்படியாக வந்து, 2021ல் லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றேன். காரைக்குடிப் பக்கம் வீடு. சோலார் விற்பவன் இல்லை, யாருக்கும் ஆள் பிடித்துக் கொடுப்பவனும் இல்லை.

தெற்குப் பார்த்து, பத்து டிகிரி சாய்வில், 540 வாட் தட்டு ஆறு. ஒவ்வொன்றும் ஏழரை அடி நீளம், கால் குறைய நாலு அடி அகலம், ஏறக்குறைய 28 கிலோ. மொத்தம் 2,05,000 ரூபாய். பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் மானியம் 78,000, நேராக வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. முதல் 2 கிலோவாட்டுக்கு முப்பது முப்பதாயிரம், மூன்றாவதுக்குப் பதினெட்டாயிரம், அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் வீட்டுக்கு அவ்வளவுதான். மானியம் வேண்டுமென்றால் தட்டும், அதற்குள் இருக்கும் சிலிக்கான் செல்களும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும், அதனால் விலை கொஞ்சம் கூடும். நானாகச் செலவழித்த 9,000 ரூபாய் தனி. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த எட்டுப் பேர் சமாச்சாரம். பக்கத்து வீட்டு ஆச்சி ஒரு மத்தியானம் கரண்ட் இல்லாத நேரத்தில் வாசலுக்கு வந்து நின்றார். "ஏந்தம்பி, வெயிலு இப்படிக் கொளுத்துது. மேல அம்புட்டுப் பெரிய தட்டு வச்சிருக்க. ஒன் வீட்லயும் காத்தாடி சுத்தலயே?"

ஆச்சி கேட்டது நியாயமான கேள்வி. வீடுகளில் போடும் சாதாரண சோலார், தெருக் கம்பத்தில் கரண்ட் இருந்தால்தான் ஓடும். கம்பத்தில் கரண்ட் நின்றால் இரண்டு வினாடிக்குள் அதுவும் நின்றுவிட வேண்டும், விதியே அப்படித்தான். குழப்பம் பெயரிலிருந்தே தொடங்குகிறது. நம் ஊரில் 'இன்வெர்ட்டர்' என்றால் ஹாலில் பேட்டரியோடு இருக்கிற பெட்டி. சோலாருக்கும் ஒரு இன்வெர்ட்டர் உண்டு. தட்டிலிருந்து வரும் டிசியை (ஒரே திசையில் ஓடும் கரண்ட்) ஏசியாக (திசை மாறி மாறி ஓடும் வீட்டுக் கரண்ட்) மாற்றி வீட்டுக்கும் கம்பத்துக்கும் கொடுப்பது மட்டுமே அதன் வேலை, அதில் பேட்டரி கிடையாது. விற்க வருகிற பையன்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதே இல்லை. எங்கள் தெருவில் ஒருவரிடம் போனில் பேசிய ஆள், "இருபத்திநாலு மணி நேரமும் கரண்ட் சார்" என்றே சொல்லியிருக்கிறான். கரண்ட் தடைக்காகத்தான் சோலார் என்று நினைப்பவர்கள் பேட்டரியோடு சேர்ந்த ஹைப்ரிட் வகையைப் பார்க்க வேண்டும். விலை வேறு, கணக்கும் வேறு.

ஊரார் குறை என்று சொல்கிற இந்த அணைந்துபோகும் குணம்தான், என் வீட்டு சோலாரில் எனக்கு ரொம்பப் பிடித்தது. காரணம் 2018ல் இருக்கிறது.

அந்த வருஷம் நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது. டெல்டாவிலும் புதுக்கோட்டையிலும் ஒரு லட்சத்துக்கு மேல் கம்பம் விழுந்தது. எல்லா மாவட்டத்திலிருந்தும் ஆட்களை அனுப்பினார்கள். நாங்கள் போனது கீரமங்கலம் பக்கம். தென்னை மரம் எல்லாம் ஒரே திசையில் தலை வைத்துப் படுத்துக் கிடந்தன. ராத்திரி பள்ளிக்கூடத்தில் படுக்கை, காலையில் ஊர்க்காரர்கள் தருகிற கஞ்சி, விடிந்தால் கம்பம். பன்னிரண்டாவது நாள் ஒரு தெருவில் எல்.டி. லைன் (வீடுகளுக்குக் கரண்ட் கொடுக்கும் தாழ்வழுத்தக் கம்பி) இழுத்துக்கொண்டிருந்தோம். மேல் லைனைத் துண்டிக்கிற ஏபி ஸ்விட்ச் திறந்திருந்தது, ஃபியூஸும் கையில்தான் இருந்தது. எங்கள் கணக்குப்படி அந்தக் கம்பியில் ஒரு சொட்டுக் கரண்ட் வர வழி இல்லை. வேற்று மாவட்டத்திலிருந்து வந்த வயர்மேன் ஒருவர் மேலே ஜம்பர் (இரண்டு கம்பியை இணைக்கும் துண்டு) கட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று ஒரு சத்தம், மனுஷன் பெல்ட்டில் தொங்குகிறார். நாலு வீடு தள்ளி ஒருவர் தண்ணீர்த் தொட்டி நிரப்ப வாடகை ஜெனரேட்டர் கொண்டுவந்து, கம்பத்துக் கரண்டிலிருந்து வீட்டைப் பிரிக்கிற சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் போடாமல் வீட்டு வயரிங்கிலேயே நேராகக் கொடுத்திருக்கிறார். அது மீட்டர் வழியாகத் தெருவுக்கு வந்துவிட்டது. பின்னால் வரும் கரண்ட் என்போம் இதை. டிரான்ஸ்ஃபார்மர் வரை போயிருந்தால் அங்கே தலைகீழாக ஏறி 11,000 வோல்ட் ஆகியிருக்கும். அவர் உயிர் பிழைத்தார். வலது கையில் இரண்டு விரல் போயிற்று. எல்.டி. பக்கம் எர்த் ராடு (கம்பியை மண்ணோடு இணைக்கும் கோல்) போடாமல் ஏற விட்டோமே என்பது இன்றைக்கும் என் நெஞ்சில் கிடக்கிறது.

ஒரு தெருவில் இருபது மாடியில் சோலார் இருந்து, கரண்ட் நின்ற பிறகும் ஒவ்வொன்றும் கம்பத்துக்கு கரண்ட் தள்ளிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் சோலார் ஓடிய முதல் நாளே நான் செய்த முதல் வேலை, மெயினை இறக்கிப் பார்த்ததுதான். இன்வெர்ட்டரின் பச்சை விளக்கு அந்தக் கணமே சிவப்பானது. மெயினை ஏற்றினேன். உடனே சேரவில்லை, ஒரு நிமிஷம் கம்பத்துக் கரண்ட் நிதானமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சேர்ந்தது. மூன்று தடவை சோதித்தேன். மூன்று தடவையும் சரி.

ஆனால் மெயினை இறக்கினால் எல்லாம் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். இன்வெர்ட்டர் நிற்கும், தட்டு நிற்காது. ஒரு தட்டுக்கு 49 வோல்ட் வரை, ஆறும் வரிசையில் சேர்ந்தால் 300க்குப் பக்கம். வெளிச்சம் இருக்கிற வரை அந்த 300 வோல்ட் டிசி மாடியிலிருந்து இறங்கும் வயரில் இருந்துகொண்டேயிருக்கும். ஏசி வினாடிக்கு நூறு தடவை பூஜ்யத்துக்கு வந்து போகும், அதனால் பொறி தானே அறுந்துவிடும். டிசி அப்படி இல்லை. லூஸ் கனெக்‌ஷனில் பொறி பிடித்தால் வெல்டிங் மாதிரி எரிந்துகொண்டே இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது தட்டு வயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரைப் பிடுங்கவே கூடாது. முப்பது வருஷம் ஏசியிலேயே புழங்கியவன் நான், மாடியில் அந்தக் கருப்பு வயரைத் தொடுவதற்கு முன் இரண்டு தடவை யோசிக்கிறேன்.

இப்போது அந்த 9,000 ரூபாய். பொருத்த வந்த நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. தட்டும் இன்வெர்ட்டரும் நல்ல சரக்கு. மற்ற எல்லாவற்றிலும் கையைச் சுருக்கினார்கள். எர்த்துக்கு ஒரே குழி தோண்டி, இடிதாங்கி வயர், டிசி வயர், ஏசி வயர் மூன்றையும் அதில் கட்டப் பார்த்தார்கள். இடி இறங்கினால் அது நேரே இன்வெர்ட்டருக்குள் போக வழி செய்வது மாதிரி. தனித்தனியாக மூன்று குழி வெட்ட வைத்தேன். பையன், "எல்லா வீட்லயும் இப்படித்தான் சார் போடுறோம்" என்றான். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு மற்ற வீடுகளை நினைத்துத்தான் கவலை வந்தது.

ஸ்டாண்டும் அப்படியே. முதலில் கொண்டுவந்தது வெல்டு வைத்து மேலே சில்வர் பெயிண்ட் அடித்த குழாய். நகத்தால் சுரண்டினேன், உரிந்து வந்தது. முழுசாகத் துத்தநாகத்தில் முக்கி எடுத்த ஜிஐ இரும்புதான் வேண்டும் என்று திருப்பி அனுப்பினேன். தட்டுக்கு இருபத்தைந்து வருஷம் உத்தரவாதம், அதைத் தாங்கும் கால் ஏழாவது வருஷம் துருப்பிடித்தால் என்ன பிரயோஜனம்? கஜா தகரக் கூரைகளை எங்கே கொண்டுபோய்ப் போட்டது என்று பார்த்தவன் நான்.

மூன்றாவது, இன்வெர்ட்டரிலிருந்து மீட்டருக்கு வரும் வயர். 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர் கனம்) போட்டிருந்தார்கள். எங்கள் வீடு டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கம், உச்சி வேளையில் வோல்டேஜ் சாதாரணமாகவே மேலே நிற்கும். சோலார் கரண்ட் தள்ளத் தள்ள வயரிலேயே இன்னும் ஏறி, 253 வோல்ட்டைத் தொட்டதும் இன்வெர்ட்டர் விழுந்துவிடும், அதாவது தானே நின்றுவிடும். நல்ல வெயில் நேரத்தில் ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை. தட்டில்தான் கோளாறு என்று அவர்கள் ஆளனுப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானே 6 ஸ்கொயர் காப்பர் வாங்கி மாற்றினேன், அன்றோடு நின்றது. உங்கள் வீட்டிலும் மத்தியானம் மட்டும் சோலார் விழுந்து எழுந்தால், தட்டைக் குறை சொல்வதற்கு முன் இந்த வயரைப் பாருங்கள். நெட் மீட்டர் (நாம் எடுத்ததிலிருந்து கம்பத்துக்குக் கொடுத்ததைக் கழிக்கும் மீட்டர்) விண்ணப்பத்திலும் சர்வீஸ் நம்பரை அந்த நிறுவனம் தப்பாக எழுதி மூன்று வாரம் போயிற்று.

சரி, பணம். முன்பெல்லாம் இரண்டு மாதத்துக்கு எங்களுக்கு 720 யூனிட் போல ஓடும், பில் நாலாயிரத்தை ஒட்டி வரும். 500 யூனிட்டைத் தாண்டியவர்களுக்குக் கீழ்ப் படிக்கட்டின் மலிவு விலை போய்விடும் என்பது தெரிந்ததுதான். இப்போது நாங்கள் எரிப்பதும் தட்டு தருவதும் வருஷக் கணக்கில் ஏறக்குறைய சரிக்குச் சரி. மாதா மாதம் பார்த்தால் அப்படி இல்லை. மார்ச்சில் 465 யூனிட், நவம்பரில் 250. அடைமழை நாள் ஒன்றில் மூன்றே யூனிட். சில நூறு ரூபாய் பில் வருகிறது. வருஷத்துக்கு 22,000 மிச்சம் என்று வைத்தால், கையிலிருந்து போட்ட 1,36,000 திரும்பி வர ஆறு வருஷத்துக்குச் சற்று மேல் ஆகும். விற்றவர்கள் சொன்னது மூன்று வருஷம்.

இரண்டு மாதத்துக்கு 250 யூனிட் எரிக்கிற வீடா? 2025ல் நான் கணக்குப் பார்த்தபோது முதல் 100 யூனிட்டுக்கு அரசு காசு வாங்கவில்லை, மிச்சத்துக்கு ஐந்நூறு ரூபாய்க்குள்தான் வந்தது. உங்களுக்கு இது வேண்டாம். கடன் வாங்கிப் போடவே வேண்டாம். ஏசி, மோட்டார், பெரிய குடும்பம் என்று இருப்பவர்களுக்குத்தான் இது கைகொடுக்கும்.

மே மாத வெயிலில்தான் நிறைய வரும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். 540 வாட் என்பது தட்டு 25 டிகிரி சூட்டில் இருக்கும்போது எடுத்த கணக்கு. அக்கினி நட்சத்திரத்தில் எங்கள் தட்டு 65 டிகிரிக்குப் போகும். 25க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். மே மாதத்தில் நான் பார்த்த உச்சம் 2.6 கிலோவாட். பிப்ரவரியில், குளிர்ந்த காற்றும் தெளிந்த வானமுமாக இருந்த ஒரு நாள், 2.9 தொட்டது. தட்டுக்கு வெளிச்சம் வேண்டும், சூடு வேண்டாம்.

அடுத்தது மயில். எங்கள் பக்கம் காக்காயைவிட மயில் தொல்லை அதிகம். ஒரு எச்சம் காய்ந்து ஒரு செல்லை மறைத்தால், வரிசை முழுவதற்கும் அடி விழும். தட்டுக்குள் மூன்று டையோடு வைத்து அந்தப் பகுதியைத் தாண்டிப் போக வழி செய்திருக்கிறார்கள், இருந்தாலும் இழப்பு இழப்புதான். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை விடிகாலை ஆறு மணிக்குக் கழுவுகிறேன். மத்தியானம் சுடுகிற கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவது தப்பு. போர் தண்ணீரும் தப்பு, உப்புப் படிந்து வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும், பிறகு எதைப் போட்டாலும் போகாது. மழைத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து இரண்டு வாளி, பழைய பருத்தித் துணி, நீளக் கம்பு. அது போதும்.

ஸ்டாண்டை ஏழடி உயரத்துக்குத் தூக்கிப் போடச் சொன்னது என் மனைவி. "ஏங்க, தட்டு வச்சிட்டா நான் வத்தல் எங்க காயப்போடுறது?" என்று ஒரே பிடியாக நின்றார். அதற்குக் கூடுதல் செலவுதான். ஆனால் இப்போது தட்டுக்குக் கீழே நிழல், வெளியே வெயில். வடகம் வெயிலில் காய்கிறது, அவர் நிழலில் உட்கார்ந்து மயிலை விரட்டுகிறார். கீழே படுக்கையறைச் சுவர் ராத்திரியில் முன்போல அனல் அடிப்பதில்லை. யூனிட் கணக்கில் வராத லாபம் இது.

இந்தத் தொழில்நுட்பத்தைப் பற்றி வேலைக் காலத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை. கிராமத்துத் தெருமுனைகளில் வைத்த சோலார் விளக்குகள்தான் எங்களுக்குத் தெரிந்த சோலார். ஒரு வருஷத்தில் பேட்டரி செத்துவிடும், இல்லை காணாமல் போகும். 2011ல் பசுமை வீடு திட்டத்தில் 300 சதுர அடி வீடும் அதற்கு ஐந்து சோலார் விளக்கும் கொடுத்தார்கள், அதைப் பார்த்தபோதுதான் முதல்முறையாக இது வீட்டுச் சாமான் என்று தோன்றியது. அடுத்த வருஷம் வந்தது அந்த மின்வெட்டு. 2012ல் சென்னைக்கு வெளியே பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம் கரண்ட் இல்லாத நாட்கள். கம்பத்தில் ஏறியிருக்கும்போது கீழே நின்று ஏசுவார்கள், அவர்கள் பிள்ளைகளுக்குப் பரீட்சை. என்ன பதில் சொல்வது? பிறகு 2016ல் கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையம் வந்தது. அந்த வழியாக ஒருமுறை போனபோது ஜீப்பை நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். கருவேலங்காடு கிடந்த இடத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் நீலத் தட்டு. ராமநாதபுரத்து வெயிலைச் சாபம் என்று சொல்லித்தான் கேட்டு வளர்ந்திருக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு உட்கார்ந்து படித்தேன். வெளிச்சம் பட்டால் கரண்ட் பிறக்கும் என்று எட்மண்ட் பெக்கரல் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டது 1839ல், அவருக்கு அப்போது பத்தொன்பது வயது. அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் சாப்பின், ஃபுல்லர், பியர்சன் மூவரும் சிலிக்கான் செல் செய்து காட்டியது 1954ல். விழுந்த வெளிச்சத்தில் நூற்றுக்கு ஆறு பங்குதான் கரண்டானது. என் மாடித் தட்டில் அது இருபதைத் தாண்டுகிறது. எனக்குப் பிடித்தது வேங்கார்ட் 1 செயற்கைக்கோள் கதை. 1958ல் மேலே போனது. பேட்டரி சீக்கிரமே தீர்ந்துபோனது, சோலார் செல்லை நம்பியிருந்த டிரான்ஸ்மிட்டர் 1964 வரை சிக்னல் அனுப்பியது. தட்டு நீடிக்கும், பேட்டரிதான் முதலில் கைவிடும் என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம். விலையும் அப்படி இறங்கியிருக்கிறது. 1977ல் ஒரு வாட் செல்லுக்கு 76 டாலர். அந்த விலையில் என் மாடியில் இருப்பதை வாங்க இரண்டரை லட்சம் டாலர் வேண்டியிருந்திருக்கும்.

இனிமேல் என்ன என்பதற்கும் பதில் அந்தப் பேட்டரியில்தான் இருக்கிறது. பகலில் கரண்ட் வழிகிறது, சாயங்காலம் ஆறரை மணிக்கு எல்லா வீட்டிலும் விளக்கும் ஏசியும் போடும்போது சூரியன் இல்லை. பகல் கரண்டை ராத்திரிக்குக் கொண்டுபோகிறவன்தான் ஜெயிப்பான். இது நமக்குப் புதிதும் இல்லை. கோவை மாவட்டம் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் 1980களின் கடைசியிலிருந்து இருக்கிறது. மிச்சக் கரண்டில் கீழ் அணைத் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு அதே மாதிரி ஒன்றைக் கையில் எடுத்திருக்கிறார்கள். மலை முழுக்கத் தண்ணீர்தான் பேட்டரி. வீட்டு அளவில் லித்தியம் பேட்டரி விலை இறங்கிக்கொண்டே வருகிறது. சிலிக்கான் மேல் பெரோவ்ஸ்கைட் என்ற இன்னொரு படலம் பூசி ஆய்வகத்தில் நூற்றுக்கு முப்பத்துநாலைத் தாண்டியிருக்கிறார்கள். ஆனால் அது மழையையும் சூட்டையும் இருபது வருஷம் தாங்கிக் காட்டட்டும், பிறகு மாடிக்கு ஏற்றலாம். நான் இன்வெர்ட்டர் ஆயுள் முடியும்வரை காத்திருந்து, மாற்றும்போது பேட்டரியோடு சேர்ந்ததாகப் போடுவதாக இருக்கிறேன்.

போன வாரம் மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பது மணிக்கு கரண்ட் நின்றது. நல்ல வெயில் நாள், பதின்மூன்று யூனிட் போயிற்று. எங்கள் வீட்டு முனைக் கம்பத்தில் ஏற ஒரு பையன் வந்தான். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகியிருக்காது. பெல்ட் மாட்டிக்கொண்டே நிமிர்ந்து மாடியைப் பார்த்தான்.

"ஐயா, ஒங்க சோலாரு?"

"நின்னுருச்சுப்பா. நீ எர்த் ராடு போட்டுட்டு ஏறு."

அவன் போட்டான். இரண்டு பக்கமும் போட்டான். அவன் வேலையை முடித்துக் கீழே கால் வைக்கிற வரை, நான் இன்வெர்ட்டர் முன்னால் நின்று அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.